நினைப்பு, மறப்பு, நகை: ப. சிங்காரத்தின் உலக நோக்கு

நம் அம்மன் ஆலயத் திருக்குட நன்னீராட்டுப் பெருவிழா மலருக்கு ஒரு கட்டுரை தர வேண்டும் என்று மலர்க்குழுவினர் அன்புக் கட்டளை இட்டார்கள். ஆலய வரலாற்றை எழுத என்னிலும் தகுந்தவர்கள் இருக்கிறார்கள். நம் பேராக் மாநிலத்துக் கோப்பெங் மக்களுக்கு அதைப் புதிதாகச் சொல்லவும் வேண்டியதில்லை. தோட்டத்து லயத்தில் பிறந்து தமிழ்ப்பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவனுக்குத் தெரிந்தது நூல்கள்தாம். எனவே நான் போற்றும் நாவலாசிரியர் ப. சிங்காரத்தைப் பற்றி எழுத முற்பட்டேன். கோயில் மலரில் நாவலுக்கு என்ன வேலை என்று குழுவில் ஒருவர் கேட்டாராம். நியாயமான கேள்விதான். விடையைச் சிவபெருமானிடமிருந்தே தொடங்குகிறேன்.

சிரித்து எரித்தவர்

திரிபுரம் எரித்த தலம் திருவதிகை. அட்ட வீரட்டானங்களுள் ஒன்று. அப்பரடிகளின் சூலை தீர்ந்த இடமும் அதுவே. பூமி தேராயிற்று. சூரிய சந்திரர் சக்கரங்கள், நான்முகன் சாரதி, மேரு வில், வாசுகி நாண், திருமால் அம்பு. இத்தனை பேரும் கூடிய பிறகு, தாம் இல்லாவிட்டால் பெருமானால் இந்தப் போரை நடத்த இயலுமா என்ற எண்ணம் தேவர் ஒவ்வொருவர் நெஞ்சிலும் தலைதூக்கியதாம். அதை அறிந்த பெருமான் மெல்ல நகைத்தார். அந்த நகையிலேயே மூன்று கோட்டைகளும் சாம்பலாயின. அம்பு நாணிலேயே இருந்தது.

கதை சொல்பவர்கள் அசுரர் எரிந்ததோடு மங்களம் பாடிவிடுகிறார்கள். அன்று எரிந்தவற்றுள் பெரியது தேவர்களின் செருக்கு என்றே எனக்குப் படுகிறது. திருமூலர் இதில் இன்னும் கறாரானவர். முப்புரம் என்பது மும்மலங்களின் காரியம் என்பது அவர் துணிபு. செங்கல்லும் இரும்புமான ஊர்களைப் பெருமான் எரித்தார் என்று நம்புகிறவர்களை மூடர் என்றே சொல்லிவிடுகிறார். ஆணவ மலத்தை எரிக்க ஒரு சிரிப்புப் போதும் என்பதுதான் அதன் உட்பொருள் என்றால், அந்தச் சிரிப்பின் பொறி தமிழ் உரைநடையில் எங்கே விழுந்தது என்று தேடலாம் அல்லவா?

நூலோர் வகுத்த நகை

தொல்காப்பியம் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. முதலில் நிற்பது நகை. அழுகை அதற்கு அடுத்துத்தான் வருகிறது. வடமொழி நாட்டிய நூலார் சிருங்காரத்தை முதலில் வைத்தார்கள். நம்மவரோ சிரிப்பை முன்னே வைத்து, சிருங்காரத்துக்கு இணையான உவகையைக் கடைசிக்குத் தள்ளினார்கள். இந்த வரிசை எனக்கு எப்போதும் இனிக்கும்.

நகை பிறக்கும் இடங்கள் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். உரையாசிரியர் பேராசிரியர் இங்கே நுணுக்கமாக ஒரு காரியம் செய்கிறார். ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறார். எள்ளல் என்றால் பிறரை நாம் எள்ளிச் சிரிப்பது மட்டும் என்று நினைத்துவிடாதே, பிறர் நம்மை எள்ளும்போது நாமே சிரிப்பதும் எள்ளலில் பிறந்த நகைதான் என்கிறார். முறுவலிப்பது, அளவோடு சிரிப்பது, பெருகச் சிரிப்பது என்று சிரிப்பின் அளவிலும் படிகள் காட்டுகிறார். வகுப்பில் மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போது எள்ளலின் அந்த இரண்டாம் வகை அவர்களுக்கு எளிதில் விளங்காது. அடிபட்டவன் ஏன் ஐயா சிரிக்கிறான் என்று கேட்பார்கள். அதற்கான விடை சிங்காரத்தின் நாவல்களில் இருக்கிறது. பின்னால் வருகிறேன்.

வள்ளுவரிடம் போனால் சிரிப்பும் மறதியும் ஒன்றாகவே வந்து நிற்கின்றன. பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். பொச்சாப்பு என்றால் மறதி, சோர்வு. அளவு கடந்த சினத்தைவிட, மகிழ்ச்சி மிகுந்து அதில் மயங்கி வரும் மறதி கெட்டது என்று அந்த அதிகாரத்தைத் தொடங்குகிறார். கொண்டாட்டம் மனிதனை மறக்க வைக்கிறது என்பது பொருள். (விழாக் குழுவினர் என்னைப் பொறுத்தருள்வார்களாக!) அதே வள்ளுவர் இடுக்கண் அழியாமையில் துன்பம் வரும்போது சிரிக்கச் சொல்கிறார். துன்பத்தை வெல்ல அதைப் போன்ற படை வேறில்லை என்பது அவர் கருத்து. ஆக, வள்ளுவரிடம் இரண்டு சிரிப்பு உண்டு. ஒன்று நம்மைத் தூங்கவைப்பது. மற்றது விழிக்கவைப்பது. மறதியையும் அவர் முழுக்கத் தள்ளிவிடவில்லை. செய்ந்நன்றி அறிதலில், நன்மையை மறக்கவே கூடாது, தீமையையோ செய்த அன்றே மறந்துவிடு என்கிறார். எதை மறப்பது, எதை நினைப்பது என்ற தேர்வுதான் அறம் என்றாகிறது.

சைவ சித்தாந்தம் இதை உயிரின் வரலாறாகவே விரிக்கிறது. கேவல நிலையில் ஆணவ இருளில் உயிர் தன்னையும் அறியாமல் கிடக்கிறது. சகல நிலையில் நினைப்பும் மறப்பும் மாறி மாறி வருகின்றன. நாம் வாழ்வது இந்த இரண்டாம் நிலையில்தான். காரைக்கால் அம்மையார் கயிலைக்குத் தலையால் நடந்துபோய்ப் பெருமானிடம் கேட்டவற்றை எண்ணிப் பாருங்கள். முதலில் இறவாத இன்ப அன்பு கேட்டார். பின் பிறவாமை கேட்டார். பிறக்கத்தான் வேண்டுமென்றால் மறவாமை வேண்டும் என்றார். செல்வமோ இழந்த வாழ்வோ வேண்டும் என்று கேட்கவில்லை. பிறவிக்கு அடுத்த பெரிய ஆபத்து மறதி என்று அந்தத் தாய்க்குத் தெரிந்திருந்தது.  

சிங்கம்புணரிக்காரர்

சிங்காரம் சிவகங்கைச் சீமையின் சிங்கம்புணரியில் 1920-இல் பிறந்தவர். 1938-இல் கப்பலேறிச் சுமத்திராவின் மெடான் நகருக்குப் போய் வட்டிக்கடையில் வேலை பார்த்தார். அங்கே மணம் செய்துகொண்டார். மனைவியும் குழந்தையும் பிரசவத்தில் இறந்துபோனார்கள். போர்க்காலம் முழுவதும் அந்தப் பக்கத்தில் இருந்துவிட்டு 1946-இல் ஊர் திரும்பினார். மறுமணம் செய்யவில்லை. மதுரையில் தினத்தந்தியில் சேர்ந்து 1987 வரை அங்கேயே பணியாற்றினார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தனியறை வாழ்வு.

எழுதியவை இரண்டே நாவல்கள். 1950-இல் எழுதிய ‘கடலுக்கு அப்பால்’ கலைமகள் பரிசு பெற்று 1959-இல் வெளிவந்தது. 1962-இல் எழுதிய ‘புயலிலே ஒரு தோணி’யை அச்சேற்ற ஆளில்லை. பத்தாண்டு காத்திருந்து 1972-இல்தான் வந்தது. வந்த பிறகும் பெரிதாகப் பேசப்படவில்லை. அவர் மூன்றாம் நாவல் எழுதவில்லை. சேமித்ததை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுத்துவிட்டு, தன் சாவை யாருக்கும் அறிவிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 1997 டிசம்பர் 30 அன்று காலமானார். தன்னை மறந்துவிடச் சொன்ன எழுத்தாளர் வேறு யாரும் எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. தமிழுலகம் அந்தச் சொல்லை முன்கூட்டியே நிறைவேற்றியிருந்தது என்பது வேறு.

மெடானில் மதுரை

‘புயலிலே ஒரு தோணி’ ஜப்பானியப் படை மெடானுக்குள் நுழைவதில் தொடங்குகிறது. நாயகன் பாண்டியன், சின்னமங்கலத்துப் பையன், வட்டிக்கடை ஆள். கொள்ளையடித்தவர்களின் தலைகளை வெட்டி ஊரார் பார்க்க வைத்துவிட்டு ஜப்பானியர் ஒழுங்கை நிலைநாட்டுகிறார்கள். வட்டிக்கடைத் தெருவில் மறுநாள் வியாபாரம் நடக்கிறது. இத்தனை பெரிய கொடுமையையும் சிங்காரம் குரலை உயர்த்தாமல் சொல்வார்.

நினைவு அவரிடம் வேலை செய்யும் விதத்தைச் சற்றுக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். நம் கதாசிரியர்கள் பலர் பழையதைச் சொல்லும்போது ‘அந்தக் காலத்தில்’ என்று தனியாக ஒரு கதவைத் திறப்பார்கள். சிங்காரத்திடம் அந்தக் கதவு கிடையாது. பாண்டியன் மெடான் தெருவில் நடக்கிறான், அல்லது சுருட்டும் குடியுமாக நண்பர்களோடு உட்கார்ந்திருக்கிறான். யாரோ ஒரு சொல் சொல்கிறார்கள். அடுத்த வரியில் மதுரையின் மாசி வீதி வந்துவிடும். அதற்கடுத்த வரியில் சின்னமங்கலத்துச் சந்தை, சிறுவயதில் பார்த்த முகங்கள், கேட்ட பேச்சுகள். பெயர்களை மூச்சுவிடாமல் அடுக்குவார். வினைமுற்றே இல்லாத வரிகள் வரும். வாக்கியம் பாதியில் நின்றுவிடும். மறுபடி மெடான். கூடவே கடன்காரன், துவான், தவ்க்கே, மலாய்ப் பேச்சு, டச்சுத் தெருப்பெயர். தமிழ்நாட்டு வாசகர்களுக்காகப் பின்னால் சொற்பட்டியல் போட வேண்டியிருந்தது. நமக்கு வேண்டியதில்லை. இந்த நாவலை அகராதி இல்லாமல் படிக்கக்கூடிய தமிழர் உலகத்தில் ஒரு சில இடங்களில்தான் இருக்கிறார்கள். பேராக் மாநிலம் அவற்றுள் ஒன்று. இதில் நமக்குப் பெருமிதம் இருந்தால் தப்பில்லை.

இந்த முறையில் ஓர் உண்மை இருக்கிறது. கடல் தாண்டி வந்தவனுக்கு ஊர் என்பது கடந்த காலம் ஆவதில்லை. அது பக்கத்துத் தெருவாகவே இருக்கிறது. என் பாட்டனார் தலைமுறை இதை நாவல் படிக்காமலே அறிந்திருந்தது. பால்மரம் வெட்டப் போகும் வழியில் ‘நம்ம கம்மாக்கரையிலே’ என்று ஆரம்பிப்பார்கள். எந்தக் கண்மாய்? கோப்பெங்கிலிருந்து எத்தனை கடல்மைல்? யாரும் கேட்டதில்லை.

இன்னொன்றும் உண்டு. பாண்டியன் நினைத்துக்கொள்கிற மதுரையில் கோயில் கோபுரத்தைவிடச் சாப்பாட்டுக் கடைகளும் தெருமுனைகளும் தாசிகளும் வியாபாரிகளும் அதிகம். பக்தர்களுக்கு இது சங்கடமாகத் தோன்றலாம். எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் நினைவு நேர்மையாக இருந்தால் அது பூசையறையை மட்டும் எடுத்து வராது. எது மனத்தில் ஒட்டியதோ அதை எடுத்து வரும். மதுரையை மூன்று தமிழ்ச்சங்கங்களின் பெயரால் நினைப்பது ஒரு வகை. அங்கே பசித்தபோது என்ன தின்றோம் என்று நினைப்பது வேறு வகை. முன்னது பிறர் நமக்குக் கொடுத்த நினைவு. பின்னது நம்முடையது.

எள்ளலின் இரண்டு முகம்

நாவலின் நடுவில் பாண்டியனும் உடன்வருவோரும் மலாக்கா நீரிணையைத் தொங்கான் என்ற மரக்கலத்தில் கடந்து பினாங்கு வருகிறார்கள். புயல் அடிக்கிறது. தமிழ் உரைநடையில் கடலை இப்படி எழுதியவர் சிங்காரத்துக்கு முன் இல்லை என்பார்கள் விமர்சகர்கள். நானும் அதை வழிமொழிகிறேன். ஆனால் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது கரையேறிய பிறகு நடப்பது. பினாங்கில் நண்பர்கள் கூடிக் குடிக்கிறார்கள், பேசுகிறார்கள். ‘தமிழ்ப் பேரவை’ என்ற பகுதியில் தமிழின் பழம்பெருமை மேசைக்கு வருகிறது. மூவேந்தர் வீரமும் சிலம்பின் காலமும் இன்னபிறவும் மேடைத் தமிழிலேயே, அந்த ஏற்ற இறக்கத்தோடே, பகடியாகப் புறப்பட்டு வரும். நாம் எல்லோரும் மேடைகளில் பேசியிருக்கிற பேச்சுத்தான். போதையில் இருப்பவர்கள் பேசும்போது அதன் உள்ளீடு எவ்வளவு என்று தெரிந்துவிடுகிறது.

படித்த தமிழன்பர்கள் சிலர் இதைக் கண்டு கோபித்ததுண்டு. தமிழைப் பழிக்கிறார் என்றார்கள். பேராசிரியர் உரையை அவர்கள் எடுத்துப் பார்த்திருந்தால் கோபம் தணிந்திருக்கும். இங்கே எள்ளுகிறவனும் எள்ளப்படுகிறவனும் ஒருவனே. பாண்டியனும் அவன் நண்பன் மாணிக்கமும் அந்நியர்கள் அல்லர். அவர்களுக்குச் சிலம்பு மனப்பாடம். தாயுமானவர் வாக்கு நாவில் தானாக வரும். தமிழ் தெரியாதவன் இப்படிக் கிண்டல் செய்ய முடியாது. தமிழை உயிராக வைத்திருப்பவன் தன் முதுகில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொள்கிற சிரிப்பு இது. திருவதிகையில் பெருமான் சிரித்தபோது எரிந்தது எதிரிகளின் கோட்டை மட்டும் அல்லவே!

சிங்காரத்தின் சிரிப்பு ஏன் நினைவுக்குக் காவல் என்று கேட்டால், என் எண்ணம் இதுதான்: பழம்பெருமை என்பது மறதியின் நல்லுடை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய மன்னனை நினைப்பவன் நாற்பதாண்டுக்கு முன் செத்த சொந்தத் தாத்தாவை மறந்துவிடுகிறான். மன்னனை நினைக்க எந்தச் செலவும் இல்லை. தாத்தாவை நினைத்தால் வலிக்கும். சிங்காரம் அந்த உடையைச் சிரித்துக் களைந்துவிட்டு, உள்ளே இருப்பதைக் காட்டுகிறார். வட்டிக்கடைச் சிப்பந்திகள், தொங்கான் வியாபாரிகள், இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து பெயர் தெரியாமல் போனவர்கள், எந்த நாட்டு விடுதலைக்காகவோ சுடப்பட்டவர்கள். பாண்டியன் இறுதிவரை ஊர் திரும்புவதில்லை. அவன் இந்தோனேசியர்களுடன் சேர்ந்து டச்சுக்காரர்களை எதிர்த்துப் போரிடுகிறான். எந்தப் பாடநூலில் அவன் பெயர் வரும்? இந்தியாவிலா, இந்தோனேசியாவிலா, மலேசியாவிலா? அந்த நாவலில் மட்டும்தான்.

மாணிக்கத்தின் ஆறுதல்

‘கடலுக்கு அப்பால்’ எளிய கதை. பினாங்கில் வானாயீனா என்ற விலாசமுள்ள வயிரமுத்துப் பிள்ளையின் கடையில் வேலை பார்த்த செல்லையா, முதலாளி மகள் மரகதத்தை விரும்புகிறான். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவன் கடைக்கும் குடும்பத்துக்கும் ஆகமாட்டான் என்று பிள்ளைவாள் மறுத்துவிடுகிறார். நாட்டுக்காகத் துப்பாக்கி தூக்கியவனுக்கு வட்டிக்கணக்கில் பற்று எழுதப்படுகிறது. இந்த நாவலிலும் வரும் நண்பன் மாணிக்கம் ஆறுதல் சொல்கிறான். மறதியும் நினைப்பும் அந்தப் பேச்சில் எதிரெதிராக நிற்கின்றன. தாயுமானவரிடம் ஒரு கருத்து உண்டு: எவ்வளவு ஆசைப்பட்டு அலைந்தாலும் எண்ணிப் பார்த்தால் கடைசியில் உண்பதும் உறங்குவதுமாகத்தான் முடிகிறது. மாணிக்கத்தின் வேதாந்தம் அந்தத் திசையில்தான் போகிறது. ஆனால் தாயுமானவர் சுவாமிகள் மௌன குருவை நோக்கிப் போகிற இடத்தில் மாணிக்கம் ஒரு புட்டியைத் திறந்துகொண்டு சிரிக்கிறான். சைவன் என்ற முறையில் எனக்கு இதில் உடன்பாடில்லை என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன். வாசகன் என்ற முறையில் அவனை மிகவும் பிடிக்கும்.

செல்லையா மறக்கிறானா? இல்லை. மனம் கைவசம் இருக்கும்வரை எதுவும் இழப்பாகாது என்ற தெளிவில் கதை வந்து நிற்கிறது. மனைவியையும் பிள்ளையையும் அந்நிய மண்ணில் புதைத்துவிட்டு வந்த முப்பது வயது மனிதர் எழுதிய முதல் நாவல் அது என்பதை மறவாமல் படிக்க வேண்டும். அவர் தம் சொந்தத் துக்கத்தைப் பற்றி நாவலில் ஒரு வரியும் எழுதவில்லை. செல்லையாவின் தலையில் ஏற்றிவிட்டார்.

பிராகா நகரத்துத் தொப்பி

நினைவு, மறதி, சிரிப்பு என்றவுடன் இக்காலத்துப் படித்த இளைஞர்கள் மிலன் குந்தேராவைச் சொல்வார்கள். செக் நாட்டின் பிர்னோ நகரில் 1929 ஏப்ரல் முதல் தேதி பிறந்தவர். முட்டாள்கள் தினத்தில் பிறந்தவர் சிரிப்பின் தத்துவம் எழுதியது பொருத்தம்தான். ஒரு வேடிக்கை அஞ்சலட்டையால் வாழ்க்கை பாழான மாணவனைப் பற்றி 1967-இல் முதல் நாவல் எழுதினார். 1975-இல் பிரான்சுக்குப் போனார். 1979-இல் சிரிப்பையும் மறதியையும் தலைப்பிலேயே கொண்ட நூல் பிரெஞ்சில் வெளிவந்ததும் அவருடைய நாடு குடியுரிமையைப் பறித்தது. நாற்பது ஆண்டு கழித்து 2019-இல் திருப்பிக் கொடுத்தது. 2023-இல் பாரிசில் காலமானார்.

அந்த நூலின் தொடக்கத்தில் வரும் தொப்பிக் கதை புகழ்பெற்றது. 1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவர் கோட்வால்ட் பிராகாவில் மாடத்தில் நின்று பேசுகிறார். பனி பெய்கிறது. பக்கத்தில் நின்ற கிளமெண்டிஸ் தன் தொப்பியைக் கழற்றித் தலைவரின் தலையில் வைக்கிறார். நான்காண்டில் கிளமெண்டிஸ் தூக்கிலிடப்பட்டார். படங்களிலிருந்தும் அழிக்கப்பட்டார். தலைவர் தலையில் தொப்பி மட்டும் எஞ்சியது.

குந்தேராவும் இரண்டு சிரிப்புகளைச் சொல்கிறார். உலகில் எல்லாம் பொருத்தமாக இருக்கிறது என்று தேவதைகள் சிரிப்பது ஒன்று. எதற்கும் பொருளில்லை என்று சாத்தான் சிரிப்பது ஒன்று. இரண்டும் அளவு மீறினால் ஆபத்து என்கிறார். பொச்சாவாமையையும் இடுக்கண் அழியாமையையும் அருகருகே வைத்துப் படித்த நமக்கு இது முற்றிலும் புதிதல்ல. ஆனாலும் ஒரு வேற்றுமை. குந்தேராவுக்கு மறதியைத் திணிப்பது அரசு. படத்தை அழிக்க ஓர் அலுவலகம் இருக்கிறது. சிங்காரத்துக்கு அப்படி எதிரி யாரும் இல்லை. எந்த அரசும் நம் படத்தை அழிக்க மெனக்கெடவில்லை. நாமே படம் எடுத்துக்கொள்ளவில்லை.

நம் பக்கம்

இங்கிருந்து தெற்கே பெருஞ்சாலையில் போனால் கோல டிப்பாங், அடுத்து கம்பார். 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை அந்த மேடுகளில் பெரிய சண்டை நடந்தது. ஈப்போ அதற்கு முன்பே வீழ்ந்திருந்தது. அந்த நாட்களில் ஜப்பானியர் முன்னேற, கோப்பெங் வழியாகப் பின்வாங்கிய பிரிட்டிஷ் படையில் பஞ்சாபியரும் கூர்க்காக்களும் இருந்தார்கள். பிறகு நேதாஜி வந்தார். ஈப்போவில் வளர்ந்த ராசம்மா, பொன்னம்மா சகோதரிகள் ஜான்சிராணிப் படையில் சேர்ந்தார்கள். இவை நீங்கள் அறிந்தவை.

அதே ஆண்டுகளில் ரயில்பாதை போட ஜப்பானியர் நம் தோட்டங்களிலிருந்து சயாமுக்கு ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் இணைந்தது. அதில் இறந்த ஆசியத் தொழிலாளர் சுமார் 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களுள் மலாயாத் தமிழர் ஏராளம். காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள், பெயர் பொறித்த கற்கள், வெட்டிவிட்ட புல். நம்மவர் பெயர் பொறித்த கல் ஒன்றும் அங்கே இல்லை. ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ எழுதினார். அ. ரெங்கசாமி தம் நாவலுக்கு ‘நினைவுச் சின்னம்’ என்றே பெயர் வைத்தார். கல் நாட்டாத இடத்தில் காகிதம் நாட்டினார்கள். மலேசியத் தமிழ் எழுத்துக்கு இதைவிடப் பெரிய புண்ணியம் வேறில்லை.

என் சிறுவயதில் எங்கள் லயத்தில் சயாமிலிருந்து மீண்டு வந்த பெரியவர் ஒருவர் இருந்தார். பால் நிறுத்து முடிந்த பிறகு சாயங்காலம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவார். அந்த விளையாட்டுக்கு ஜப்பான்காரன் பெரட்டு என்று பெயர். ‘இச்சி, நி, சான், சி, கோ’ என்று ஒவ்வொருவரும் எண்ணிச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னவன் கன்னத்தில் அறைவதுபோல் கையை ஓங்கிக் கொண்டுவந்து கடைசியில் காதைத் தடவிவிடுவார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அவரும் சிரிப்பார். அந்த நேரத்தில் அவர் மனைவி மட்டும் வாசலில் நிற்கமாட்டார், உள்ளே போய்விடுவார். சயாமில் நடந்த கொடுமை எதையும் பெரியவர் நேராகச் சொல்லிக் கேட்டதில்லை. மரவள்ளிக்கிழங்கு தின்றதையும் சாக்குத் துணி கட்டியதையும் கூடக் கேலியாகத்தான் சொல்வார். அடிபட்டவன் ஏன் சிரிக்கிறான் என்று மாணவர்கள் கேட்டபோதெல்லாம் எனக்கு இவர் முகம்தான் வரும். பேராசிரியரின் இரண்டாம் வகை எள்ளல், இலக்கண நூலிலிருந்து இறங்கி எங்கள் லயத்து வாசலில் நின்றது. அவர் மறக்கவில்லை என்பதற்கு அந்த எண்களே சான்று. மறந்துவிட்டதாக எங்களுக்குக் காட்டிக்கொள்ள அவருக்குச் சிரிப்பு உதவியது.

பத்து காஜா போகும் சாலையில் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி கெல்லி துரையின் மாளிகையைச் சுற்றுலாக்காரர்கள் பார்த்துவிட்டுப் போகிறார்கள். சற்றுத் தள்ளி இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் பலர் போவதில்லை. கூலியாட்கள் விஷக் காய்ச்சலில் மடிந்தபோது அவர்கள் கேட்டுக்கொண்டபடி துரை அந்தக் கோயிலைக் கட்டிக் கொடுத்தார் என்பது வழங்கிவரும் செய்தி. கோயில் மேல்தளத்தில் தெய்வத் திருவுருவங்களுக்கு நடுவே கோட்டுப் போட்ட வெள்ளைக்கார உருவம் ஒன்று நிற்கிறது. துரை 1926-இல் லிஸ்பனில் இறந்துபோனார். அவர் திரும்பி வராத ஊரில் அம்மனுக்குப் பக்கத்தில் இடம் பெற்றுவிட்டார். நன்றி மறவாத நம் முன்னோரின் பண்பு அது. அந்தக் காய்ச்சலில் இறந்த கூலிகளில் ஒருவருக்காவது அங்கே உருவம் உண்டா? சிங்காரம் அந்தக் கூரையைப் பார்த்திருந்தால் பெருகச் சிரித்திருப்பார். நாமும் கொஞ்சம் சிரிக்கலாம். அம்மன் கோபிக்கமாட்டாள்.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோப்பெங் அருங்காட்சியகத்தில் ஈயச் சுரங்கக் காலத்துப் பொருள்கள், வீட்டுச் சாமான்கள், பழைய படங்கள் என ஊர் மக்கள் கொடுத்தவை இருக்கின்றன. நம் வீடுகளிலும் பால்வெட்டுக் கத்தியும் பால்வாளியும் ஜப்பான் காலத்து வாழைமர நோட்டும் பரணில் கிடக்கும். எடுத்துக் கொடுங்கள். பாட்டி தாத்தா இருக்கிறவர்கள் அவர்கள் பேசுவதைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். அவர்கள் சொல்கிற வேடிக்கைக் கதைகளை முதலில் கேளுங்கள்.

சிங்காரத்தின் இரண்டு நாவல்களும் இப்போது கிடைக்கின்றன. புதிதாகப் படிக்கிறவர்கள் ‘கடலுக்கு அப்பால்’ நாவலிலிருந்து தொடங்குவது நல்லது. அது சிறியது, பினாங்குக் கதை. மாணிக்கம் அதில் பழக்கமாகிவிடுவான். பிறகு ‘புயலிலே ஒரு தோணி’. அதில் மெடான் தெருப்பெயர்கள் ஆரம்பத்தில் கொஞ்சம் மிரட்டும், பத்துப் பக்கம் போனால் சரியாகிவிடும். தொங்கான் கடலில் இருக்கும்போது மட்டும் புத்தகத்தை மூடி வைக்காதீர்கள்.